வெளிநாட்டவர் பணி நியமனமும் நாட்டுரிமையும்: திருப்பூர் பின்னலாடைத் தொழிலை முன்வைத்து

ஒரு நிறுவனம் வெளிநாட்டவர் ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது, அவர் எந்த நாட்டின் குடிமகன் என்பது விசா கிடைப்பதைப் பாதிக்குமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. சுருக்கமான விடை: பாதிக்கும், ஆனால் பலர் நினைக்கும் விதத்தில் அல்ல. இந்தியாவின் வேலைவாய்ப்பு விசா விதிகளில் பெரும்பாலானவை எல்லா நாட்டவருக்கும் பொதுவானவை. வேலையின் தன்மை, சம்பளம், தகுதி ஆகியவையே முதலில் பார்க்கப்படுகின்றன. அதன் பிறகு சில குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டும் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. சில நாடுகளுக்குக் குறுகலாகவோ மூடியோ இருக்கிறது. இந்தக் கட்டுரை திருப்பூர் பின்னலாடைத் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த விதிகளை விளக்குகிறது.

அடிப்படைச் சொற்கள்

நாட்டுரிமை என்பது ஒருவர் சட்டப்படி எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பதைக் குறிக்கும். பொதுவாக அதைக் காட்டும் ஆவணம் கடவுச்சீட்டு. மொழி, மதம், நிறம், பிறந்த ஊர் ஆகியவை நாட்டுரிமை அல்ல. யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர் இலங்கைக் குடிமகனாகவோ, கனடாக் குடிமகனாகவோ இருக்கலாம். கொல்கத்தாவில் பிறந்து வங்க மொழி பேசுபவர் இந்தியக் குடிமகனாக இருக்கலாம்; டாக்காவில் பிறந்து அதே மொழியைப் பேசுபவர் வங்கதேசக் குடிமகனாக இருக்கலாம்.

விசா என்பது ஒரு நாட்டுக்குள் நுழையவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தங்கவும் அந்நாடு தரும் அனுமதி. சுற்றுலா, கல்வி, மருத்துவம், வணிகம், வேலை என நோக்கத்துக்கு ஏற்ப வகைகள் உண்டு. சிங்கப்பூர் போன்ற நாடுகளில் வேலை செய்வதற்கான அனுமதி அட்டை தனியாக வழங்கப்படுகிறது. இந்தியாவில் வேலைவாய்ப்பு விசாவே வேலை செய்வதற்கான அனுமதியாகவும் இருக்கிறது.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து திருப்பூருக்கு வந்து வேலை செய்வோர் வெளிநாட்டவர் அல்லர். அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு இந்தியக் குடிமக்கள் அனைவருக்கும் நாட்டின் எப்பகுதியிலும் குடியேறவும், எந்தத் தொழிலையும் செய்யவும் உரிமை தருகிறது. அவர்களுக்கு எந்த விசாவும் தேவையில்லை.

திருப்பூரும் வெளிநாட்டவரும்

உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் தயாரித்து வந்த ஊர் திருப்பூர். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் டி-சர்ட் வாங்க இங்கு வந்ததையே ஏற்றுமதி வரலாற்றின் தொடக்கமாக வழக்கமாகக் குறிப்பிடுவர். 1980களில் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் தொடர்ந்து வந்தன. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கப்பட்டது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமானது. 2024-25 நிதியாண்டில் ஊரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது.

இத்தகைய ஊருக்குப் பல வகை வெளிநாட்டவர் வருகின்றனர். அவர்களை நான்கு பிரிவாகப் பார்க்கலாம்.

முதலாவது, பையர்கள். சாம்பிள் பார்த்து, விலை பேசி, ஆர்டர் கொடுத்துத் திரும்புகிறவர்கள். இரண்டாவது, இயந்திர நிபுணர்கள். வட்டப் பின்னல் இயந்திரங்களும் சாய இயந்திரங்களும் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான், தைவான், சீனா ஆகிய இடங்களிலிருந்து வருகின்றன. அவற்றை நிறுவவும் பழுது பார்க்கவும் அங்கிருந்து ஆட்கள் வர வேண்டியிருக்கிறது. மூன்றாவது, வணிகர்கள். காதர்பேட்டைச் சந்தையில் ஆடைகளை மொத்தமாக வாங்கித் தம் நாட்டுக்கு அனுப்பும் நைஜீரியா முதலிய ஆப்பிரிக்க நாட்டு வணிகர்கள் இப்பிரிவினர். நான்காவது, வேலை தேடி வருவோர். நேபாளத்திலிருந்து காவலாளியாகவும் சமையல்காரராகவும் வருவோர் இதில் அடங்குவர். எல்லை தாண்டி உரிய ஆவணமின்றி வந்து பனியன் கம்பெனிகளில் சேருவோரும் இதில் உண்டு.

இந்த நான்கு பிரிவினருக்கும் பொருந்தும் விதிகள் வேறு வேறு.

சட்ட அடிப்படை

1920ஆம் ஆண்டின் கடவுச்சீட்டு (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம், 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் ஆகியவை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன. இவற்றையும் 2000ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஒன்றையும் நீக்கிவிட்டு, 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் கொண்டுவரப்பட்டது. இது 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விசா விதிகளை வகுப்பது மத்திய உள்துறை அமைச்சகம். விசா வழங்குவது வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்கள். மாநில அரசுக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ விசா வழங்கும் அதிகாரம் இல்லை.

அரசியலமைப்பு வெளிநாட்டவருக்குச் சில உரிமைகளைத் தருகிறது, சிலவற்றைத் தருவதில்லை. சட்டத்தின் முன் சமம் என்னும் 14ஆவது பிரிவும், உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் 21ஆவது பிரிவும் இந்தியாவில் உள்ள எந்த மனிதருக்கும் பொருந்தும். அரசு வேலையில் சம வாய்ப்பு தரும் 16ஆவது பிரிவும், விரும்பிய தொழில் செய்யும் உரிமை தரும் 19ஆவது பிரிவும் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை. வெளிநாட்டவரை வெளியேற்ற அரசுக்கு விரிந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் கூறியது. இந்தியாவில் தங்கி வாழும் உரிமையை வெளிநாட்டவர் கோர முடியாது என்று 1991இல் லூயி டி ரேட் வழக்கில் மீண்டும் உறுதி செய்தது.

ஆகவே வேலை விசா என்பது கேட்டுப் பெறும் அனுமதி. வழக்காடிப் பெறும் உரிமை அன்று.

எல்லா நாட்டவருக்கும் பொதுவான நிபந்தனைகள்

வேலைவாய்ப்பு விசாவுக்கு உள்ள முக்கிய நிபந்தனைகள் வருமாறு:

1. விண்ணப்பதாரர் உயர் திறனோ தொழில்முறைத் தகுதியோ உடையவராக இருக்க வேண்டும்.

2. தகுதியுள்ள இந்தியர்கள் பெருமளவில் கிடைக்கும் வேலைகளுக்கு விசா தரப்படுவதில்லை. சாதாரண வேலை, எழுத்தர் வேலை, செயலர் வேலை ஆகியவற்றுக்கும் இல்லை.

3. ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். தம் நாட்டு உணவு சமைக்கும் சமையல்காரர், ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கற்பிப்போர், மொழிபெயர்ப்பாளர், தூதரகப் பணியாளர் போன்ற சிலருக்கு இதில் விலக்கு உண்டு.

4. வேலைக்கு எடுப்பது இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும்.

5. விசாவைச் சொந்த நாட்டிலிருந்து பெற வேண்டும். அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிரந்தரமாக வசிக்கும் நாட்டிலிருந்து பெற வேண்டும்.

6. எந்த நிறுவனத்துக்காக விசா தரப்பட்டதோ அங்குதான் வேலை செய்ய வேண்டும். பொதுவாக, வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது.

7. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையம் வழியே பதிவு செய்ய வேண்டும்.

இவற்றுள் மூன்றாவது நிபந்தனையைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 16.25 லட்சத்தை 12ஆல் வகுத்தால் மாதம் ஏறத்தாழ 1,35,400 ரூபாய் வருகிறது. ஓவர்லாக் டைலர், சிங்கர் டைலர், கட்டிங் மாஸ்டர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என எந்தத் தொழிலாளியின் சம்பளமும் இதன் அருகில் வராது. எனவே விசா தேவைப்படும் எந்த நாட்டவரும் சட்டப்படி திருப்பூரில் டைலராக வேலைக்குச் சேர முடியாது. அவர் வங்கதேசத்தவரா, வியட்நாமியரா, இத்தாலியரா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, சம்பள வரம்பு விண்ணப்பத்தை நிறுத்திவிடுகிறது. நாட்டுரிமையால் விசா மறுக்கப்பட்டது என்று கருதப்படும் பல நிகழ்வுகளில் உண்மையான தடை இதுதான்.

நாட்டுரிமை குறுக்கிடும் இடங்கள்

பொதுவான நிபந்தனைகளைத் தாண்டி, நாட்டுரிமை நேரடியாக விளைவை மாற்றும் இடங்களும் உண்டு.

நேபாளம், பூட்டான்

இவ்விரு நாட்டுக் குடிமக்களும் தம் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வர விசா தேவையில்லை. 1950ஆம் ஆண்டின் இந்திய-நேபாள சமாதான, நட்புறவு ஒப்பந்தத்தின் 7ஆவது பிரிவு, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் தங்கவும், சொத்து வாங்கவும், தொழில் வணிகத்தில் ஈடுபடவும் பரஸ்பர உரிமை தருகிறது. பூட்டானுடன் 1949இல் செய்யப்பட்ட நட்புறவு ஒப்பந்தம் 2007இல் புதுப்பிக்கப்பட்டது. ஆகவே சம்பள வரம்பு இவர்களைக் கட்டுப்படுத்தாது. பனியன் கம்பெனி வாசலில் நிற்கும் நேபாளக் காவலாளி எந்த விசாவும் இன்றி, சட்டத்துக்கு உட்பட்டே வேலை செய்கிறார். அவரிடம் அந்நாட்டு அரசு தந்த அடையாள ஆவணம் இருந்தால் போதும்.

பாகிஸ்தான்

பாகிஸ்தான் குடிமக்களுக்கு எப்போதும் தனி விதிகளே இருந்து வந்துள்ளன. இணையவழி விசா வசதி அவர்களுக்கு இல்லை. பாகிஸ்தான் வம்சாவளியினராகி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் இல்லை. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அந்நாட்டவருக்கான விசா சேவையை இந்தியா நிறுத்தியது. ஏற்கெனவே வழங்கிய விசாக்களும், சில விலக்குகள் நீங்கலாக, ஏப்ரல் 27 முதல் ரத்து செய்யப்பட்டன. விண்ணப்பதாரரின் படிப்போ அனுபவமோ சம்பளமோ இங்கே கணக்கில் வருவதில்லை.

சீனா

சீனக் குடிமக்கள் வேலை விசா பெறச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் 2020 ஜூனில் கல்வான் மோதலுக்குப் பிறகு ஆய்வு கடுமையானது, விசாக்கள் தாமதமாயின. இயந்திரத்தை விற்ற நிறுவனத்தின் நிபுணர் வர முடியாததால் இயந்திரம் நிறுவுவது தள்ளிப்போகிறது என்று இந்தியாவின் பல தொழில்துறையினர் அரசிடம் முறையிட்டனர். 2025 ஜூலை 24 முதல் சீனருக்குச் சுற்றுலா விசா மீண்டும் வழங்கப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் நேரடி விமானங்களும் தொடங்கின. இரு அரசுகளின் உறவு மாறும்போது விசா நடைமுறையும் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொரு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். 2009இல், வணிக விசாவில் வந்து திட்டப் பணிகளில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டவர் அனைவரும் அக்டோபர் 31க்குள் நாடு திரும்பி, உரிய வேலை விசாவுடன் வர வேண்டும் என்று இந்தியா அறிவித்தது. ஆணையில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆனால் மின் நிலையத் திட்டங்களில் பெருமளவில் இருந்தவர்கள் சீனத் தொழிலாளர்களே. பொதுவாக எழுதப்பட்ட விதி ஒரு நாட்டவரை அதிகம் பாதிக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

இந்திய வம்சாவளியினர்

2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் வழங்கப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓ.சி.ஐ. அட்டை, இருந்தால் வேலை விசா தேவையில்லை. இந்தியக் குடிமகனாக இருந்தவரின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரை இதைப் பெறலாம். பெண் வாரிசுகளுக்கும் இதே உரிமை உண்டு. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய நாடுகளில் குடியுரிமை பெற்ற தமிழர் பலர் இந்த வகையில் திருப்பூரில் சம்பள வரம்பின்றி வேலை செய்யலாம். ஆனால் தாமோ, பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி ஆகியோரில் ஒருவரோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தால், குடியுரிமைச் சட்டத்தின் 7-ஏ பிரிவின்படி இந்த அட்டை கிடைக்காது.

இலங்கைத் தமிழர்

இலங்கைக் கடவுச்சீட்டுடன் வேலைக்கு வருபவருக்கு மேலே சொன்ன பொது நிபந்தனைகளே பொருந்தும். மொழி ஒன்றாக இருப்பது விசா விதியில் எந்தச் சலுகையும் தராது. போர்க் காலத்தில் அடைக்கலம் தேடி வந்து தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் வாழ்வோரின் நிலை வேறு. அவர்கள் விசாவில் வந்தவர்கள் அல்லர். 2015 ஜனவரி 9 வரை தமிழ்நாட்டுக்கு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. இது தண்டனையிலிருந்து விலக்கு மட்டுமே, குடியுரிமை அன்று.

வருங்கால வைப்பு நிதி

விசா கிடைத்த பிறகும் நாட்டுரிமையின் விளைவு தொடர்கிறது. 2008 அக்டோபர் 1 முதல், வெளிநாட்டுப் பணியாளர்கள் வருங்கால வைப்பு நிதியில் சம்பள உச்சவரம்பின்றிச் சேர்க்கப்பட வேண்டும். ஜெர்மனி, ஜப்பான், தென் கொரியா, பிரான்ஸ் போன்று இந்தியாவுடன் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துள்ள நாட்டவர், தம் நாட்டில் சந்தா செலுத்துவதற்கான சான்றிதழ் தந்தால் விலக்குப் பெறலாம். நேபாள, பூட்டான் நாட்டவர் இந்தியத் தொழிலாளர்களாகவே கருதப்படுவர். இந்தத் தனி விதி செல்லாது என்று 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றமும், செல்லும் என்று 2025இல் டெல்லி உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளன.

ஒரே வேலை, ஐந்து விண்ணப்பதாரர்கள்

மேலே சொன்னவற்றைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் சம்பளத்தில் தொழில்நுட்ப மேலாளர் ஒருவரைத் தேடுகிறது. ஐந்து பேர் விண்ணப்பிக்கின்றனர். ஐவரின் படிப்பும் அனுபவமும் ஒன்றே.

ஜெர்மானியர்: சம்பள வரம்பைத் தாண்டுகிறார். ஆவணங்கள் சரியாக இருந்தால் தம் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் வழியே வேலை விசா பெறலாம்.

சீனர்: அதே நிபந்தனைகள். ஆனால் ஆய்வு கூடுதலாக இருக்கலாம். காலம் அதிகம் ஆகலாம்.

நேபாளத்தவர்: விசாவே தேவையில்லை. நாளையே வேலைக்குச் சேரலாம்.

மலேசியத் தமிழர்: ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் விசா தேவையில்லை. இல்லாவிட்டால் ஜெர்மானியரைப் போலவே விண்ணப்பிக்க வேண்டும்.

பாகிஸ்தானியர்: விசா சேவை நிறுத்தப்பட்டுள்ளவரை வாய்ப்பில்லை.

இப்போது அதே நிறுவனம் மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் டைலர் வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஐந்து நாட்டவரில் நேபாளத்தவரும், ஓ.சி.ஐ. அட்டை உள்ள மலேசியரும் மட்டுமே சட்டப்படி சேர முடியும். ஜெர்மானியர், சீனர், பாகிஸ்தானியர் மூவரும் சேர முடியாது. முதல் வேலையில் நாடுகளுக்கிடையே இருந்த வேறுபாடு பெரிது. இரண்டாவது வேலையில், விசா தேவைப்படும் எல்லாரும் ஒரே நிலைக்கு வந்துவிடுகின்றனர்.

வணிக விசாவும் வேலை விசாவும்

திருப்பூரில் அதிகம் நேரும் குழப்பம் இது. சரக்கின் தரம் பார்க்கவும், ஆர்டர் கொடுக்கவும், விலை பேசவும் வருபவருக்கு வணிக விசா போதும். அவர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. வணிக விசாவில் முழுநேர வேலை செய்யவோ, சில்லறை வியாபாரம் செய்யவோ, வட்டிக்குப் பணம் கொடுக்கவோ அனுமதி இல்லை. பையர் ஒருவர் தம் நாட்டு நிறுவனத்திடம் சம்பளம் பெற்றுக்கொண்டு இங்கு வந்து செக்கிங் பார்ப்பது வேறு. இங்குள்ள கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு மெர்ச்சண்டைசராக அமர்வது வேறு.

இயந்திரம் நிறுவ வருபவருக்கு நெடுங்காலம் வேலை விசா கேட்கப்பட்டது. அண்மைக் காலத்தில் இப்பிரிவில் மாற்றங்கள் வந்துள்ளன. ஆகவே இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, அதை நிறுவ எந்த நாட்டிலிருந்து யார் வருவார், எந்த விசாவில் வருவார் என்பதைக் கேட்டு, அன்றைய விதியைத் தூதரக இணையதளத்தில் சரிபார்ப்பது நல்லது. நிபுணர் வராமல் பல லட்சம் மதிப்புள்ள இயந்திரம் பெட்டியிலேயே கிடந்தால், இழப்பு வாங்கியவருக்குத்தான்.

ஆவணமின்றி வேலை செய்தல்

2025 ஜனவரியில் பல்லடம் அருகே அருள்புரம் உள்ளிட்ட இடங்களில் உரிய ஆவணமின்றித் தங்கி வேலை செய்ததாக வங்கதேசத்தவர் 31 பேர் கைது செய்யப்பட்டனர். இத்தகைய கைதுகள் திருப்பூரில் அதற்கு முன்பும் நடந்துள்ளன. பல வழக்குகளில் இந்தியப் பெயரில் போலி ஆதார் அட்டை இருந்ததாகக் காவல்துறை கூறியது.

2025ஆம் ஆண்டுச் சட்டப்படி, செல்லத்தக்க கடவுச்சீட்டும் விசாவும் இன்றி நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். போலிக் கடவுச்சீட்டோ போலி விசாவோ பயன்படுத்தினால் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விசா காலம் முடிந்தும் தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறையோ, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உடந்தையாக இருப்பவரும் தண்டனைக்கு உள்ளாவர். வெளிநாட்டவருக்குத் தங்க இடம் தருபவர் 24 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். கம்பெனி நடத்தும் விடுதிக்கும் இது பொருந்தும்.

இங்கே மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, ஆதார் அட்டை குடியுரிமைக்குச் சான்று அன்று. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே இதைச் சொல்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்கள் இந்தியாவில் வசித்த வெளிநாட்டவரும் ஆதார் பெறலாம். ஆதார் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஆளைச் சேர்த்த முதலாளி, எல்லாம் சரிபார்த்துவிட்டதாக நினைத்தால் அது தவறு.

இரண்டாவது, மொழியை வைத்து நாட்டுரிமையை முடிவு செய்யக் கூடாது. மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து வங்க மொழி பேசும் இந்தியர்கள் திருப்பூரில் ஏராளம். ஒருவர் வெளிநாட்டவரா என்ற வழக்கு வந்தால், தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் மேலேயே இருக்கிறது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படித்தான்; புதிய சட்டத்திலும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கையில் ஒன்றிரண்டு சான்றுகளுடன் வேலை செய்யும் ஓர் இந்தியத் தொழிலாளிக்கு அது எளிதன்று. பேச்சை வைத்து எழும் சந்தேகம் ஒரு குடிமகனின் வேலையையும் சுதந்திரத்தையும் பறித்துவிடக் கூடும்.

மூன்றாவது, உரிய ஆவணம் இல்லாதவர் எளிதில் சுரண்டப்படுகிறார். கூலி குறைத்தாலும், ஓவர்டைம் தராவிட்டாலும், கைது பயத்தால் அவர் புகார் செய்வதில்லை. கூலிச் சட்டங்கள் தொழிலாளி என்றே பேசுகின்றன. குடிமகன் என்று பேசவில்லை. செய்த வேலைக்கான கூலி யாருக்கும் உரியது.

பிற நாடுகளில்

நாட்டுரிமையைப் பார்ப்பது இந்தியா மட்டுமன்று. திருப்பூரிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் செல்ல நினைப்போரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட் எனப்படும் அனுமதி, துறை வாரியாகக் குறிப்பிட்ட நாட்டவருக்கே தரப்படுகிறது. கட்டுமானம், கப்பல் கட்டும் தளம் ஆகியவற்றில் இந்தியர் சேரலாம். உற்பத்தித் துறையிலோ மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தென் கொரியா, தைவான் ஆகிய இடத்தவரே நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டனர். 2023 செப்டம்பரிலிருந்து குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும் பிற நாட்டவருக்கும் தளர்வு தரப்பட்டுள்ளது. உயர் பதவிகளுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் முறையில் 2023 செப்டம்பர் முதல் புள்ளி முறை வந்தது. தேர்ச்சிக்கு 40 புள்ளிகள் வேண்டும். விண்ணப்பதாரரின் நாட்டவர் அந்நிறுவனத்தின் உயர்நிலைப் பணியாளரில் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் 20 புள்ளிகள், 25 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் 10 புள்ளிகள், அதற்கு மேல் இருந்தால் புள்ளி இல்லை. ஒரே இந்தியர் ஒரு நிறுவனத்தில் 20 புள்ளிகளும் மற்றொன்றில் பூஜ்யமும் பெறலாம்.

அமெரிக்காவின் எச்-1பி விசாவில் ஆண்டுக்கு 85,000 என்ற மொத்த வரம்பு உண்டு. நாடு வாரியான வரம்பு இல்லை. ஆனால் ஆஸ்திரேலியருக்கு 10,500, சிங்கப்பூரருக்கு 5,400, சிலி நாட்டவருக்கு 1,400 எனத் தனி விசாக்கள் உள்ளன. நிரந்தரக் குடியிருப்பு அட்டையில் எந்த ஒரு நாட்டவருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பு இருப்பதால், இந்தியர் பல ஆண்டுகள் காத்திருக்கின்றனர்.

இந்தியாவும் தன் குடிமக்கள் வெளியே செல்வதைச் சில நாடுகளுக்குக் கட்டுப்படுத்துகிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, மலேசியா, ஜோர்டான் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல முன் அனுமதி பெற வேண்டும். ஜோர்டானில் ஆடைத் தொழிற்சாலைகள் பல உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் இந்த அனுமதி தேவையில்லை என்பது, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்குச் செல்லும் மாணவர் அறிய வேண்டிய செய்தி.

இது பாகுபாடா?

1965ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா உறுப்பு நாடு. அதன் முதல் பிரிவு, குடிமக்களுக்கும் குடிமக்கள் அல்லாதோருக்கும் இடையே ஒரு நாடு வேறுபாடு காட்டுவதை இனப் பாகுபாடாகக் கருதுவதில்லை. ஆகவே விசா தருவதிலும் மறுப்பதிலும் நாடுகள் பரஸ்பர ஒப்பந்தம், பாதுகாப்பு, உள்நாட்டு வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பார்ப்பதைப் பன்னாட்டுச் சட்டம் பொதுவாக ஏற்கிறது.

எனினும் இதில் ஒரு மாற்றுப் பார்வையும் உண்டு. யார் எந்த நாட்டில் பிறக்கிறார் என்பது அவர் தேர்ந்தெடுத்தது அன்று. சம திறமை உடைய இருவரில் ஒருவருக்குக் கதவு திறப்பதும் மற்றவருக்கு மூடுவதும் அவர்களின் உழைப்பைப் பொறுத்ததாக இல்லை. சீன நிபுணரின் தாமதமும் பாகிஸ்தானியரின் தடையும் அவரவர் செய்த செயலுக்காக நேர்ந்தவை அல்ல. விசா விதி அரசின் உரிமை. அந்த விதிக்கு வெளியே, வேலையிடத்தில் ஒருவரை அவர் நாட்டைச் சொல்லி இழிவுபடுத்துவதோ கூலியைக் குறைப்பதோ எந்த விதியும் தராத உரிமை.

நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

வேலைக்கு எடுக்கும் முன் விண்ணப்பதாரரின் கடவுச்சீட்டைப் பார்த்து நாட்டுரிமையை உறுதி செய்ய வேண்டும். அவர் விசா தேவைப்படும் நாட்டவரா, நேபாளம் அல்லது பூட்டானைச் சேர்ந்தவரா, ஓ.சி.ஐ. அட்டை உள்ளவரா என்று பிரிக்க வேண்டும். விசா தேவைப்படுமானால் சம்பள வரம்பும், அந்த வேலைக்கு இந்தியர் ஏன் கிடைக்கவில்லை என்ற விளக்கமும் தயாராக இருக்க வேண்டும். நியமன ஒப்பந்தத்தில் விசா கிடைத்தால் மட்டுமே வேலை உறுதி என்று எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது. விசா வரும்வரை தம் பழைய வேலையை விட வேண்டாம் என்று விண்ணப்பதாரரிடமும் சொல்ல வேண்டும். வந்தபின் 14 நாள் பதிவை நிறுவனமே நினைவூட்ட வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால், பழைய அனுபவத்தையோ இடைத்தரகரின் வாய்ச்சொல்லையோ நம்பாமல் உள்துறை அமைச்சகம், தூதரகம் ஆகியவற்றின் இணையதளத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தொகுப்புரை

இந்தியாவில் வேலை விசாவுக்கு முதல் தடை வேலையின் தரமும் சம்பளமுமே; நாட்டுரிமை அதற்கு அடுத்ததாக வருகிறது. நேபாளம், பூட்டான் நாட்டவருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அது கதவைத் திறக்கிறது, பாகிஸ்தானியருக்கு மூடுகிறது, சீனருக்கு அரசுகளின் உறவைப் பொறுத்து அசைகிறது. இத்தாலியர் ஒருவரின் வருகையோடு ஏற்றுமதியைத் தொடங்கிய ஊர் திருப்பூர். இன்று பல மாநிலத்தவரும் பல நாட்டவரும் அங்கே சேர்ந்து உழைக்கின்றனர். அவர்களில் யார் குடிமகன், யார் விருந்தினர், யாருக்கு எந்த ஆவணம் வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தால், முதலாளி வழக்கில் சிக்குவதையும், தொழிலாளி வீண் சந்தேகத்துக்கு ஆளாவதையும் தவிர்க்கலாம்.